கரையில் கிடக்கும் படகைக் காப்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக்கான கேள்வி பதில்

மண்டபம் பக்கத்தில் வத்தை எனும் பலகைப் படகுகளுக்கும் பைபர் படகுகளுக்கும் எஞ்சின் வேலை பார்க்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். தொண்டி, நம்புதாளை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று வரும் வடகடல் கரைக்கும், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று போகும் தென்கடல் கரைக்கும் இது பொருந்தும். ஜெட்டியில் கட்டும் பெரிய விசைப்படகுகளின் கதை வேறு. மணலில் ஏற்றிப் போட்டோ, இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரம் போட்டோ வைக்கும் சின்னப் படகுகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஊருக்குள் எல்லாரும் தெரிந்த முகம். படகை யார் எடுக்கப் போகிறார்கள்?

எடுப்பவர்கள் மூன்று வகை. முதல் வகைக்குப் படகு தேவையில்லை. மண்ணெண்ணெய் கேன், பேட்டரி, ஜி.பி.எஸ்., வலை என்று கைக்கு அகப்பட்டதைக் கொண்டு போவார்கள். அதிகம் நடப்பது இதுதான். புகாராகப் பதிவாவது குறைவு. இரண்டாவது வகை எஞ்சினுக்கு மட்டும் வருவது. கொஞ்சம் வேலை தெரிந்தவர்கள்; ஸ்பேனரோடு வருவார்கள்.

மூன்றாவது வகை படகையே எடுத்துக்கொண்டு போகிறவர்கள். இதில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, ‘சும்மா ஒரு ரவுண்டு’ என்று கிளம்பும் இளவட்டங்கள். இன்னொன்று, கடத்தலுக்கு ஒரு ராத்திரிப் படகு தேடுகிறவர்கள். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை என்று இந்தக் கடலில் எது எதெல்லாம் பிடிபடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிரினம். உங்கள் பதிவு எண் எழுதிய படகில் அது பிடிபட்டால் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். நம் கரையில் படகைப் பூட்டுவது பொருளைக் காப்பதற்கு மட்டும் இல்லை, பேரைக் காப்பதற்கும்தான்.

விளையாட்டுக்கு எடுத்துட்டுப் போற பசங்களுக்காக இவ்வளவு பயப்படணுமா அண்ணே? எப்படியும் கொண்டாந்து விட்டுருவாய்ங்கல்ல?

எனக்கு மற்ற எல்லாரையும் விட இவர்களை நினைத்துத்தான் பயம். திருடனுக்குக் கடல் தெரியும். இந்தப் பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

காற்றைப் பாருங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்; வடகடல் கரையோரம் குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடை வந்துவிட்டால் அப்படியே மாறும்: வடகடல் கலங்கும், தென்கடல் ஓரம் அடங்கும். தண்ணீர் அடங்கியிருக்கிற கரையில்தான் பையன்கள் படகைத் தள்ளுவார்கள். ஆனால் அந்தக் கரை அடங்கியிருப்பதற்குக் காரணமே காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதுதான். பாம்பன் வடக்குக் கரையில் ஆனி, ஆடி மாதத்தில் எஞ்சின் நின்றுபோன படகைக் கச்சான் மேலும் மேலும் வெளியேதான் தள்ளும். கீழக்கரையில் மார்கழி மாதத்தில் வாடை அதே வேலையைச் செய்யும். கரையில் நின்று பார்க்கும்போது அலையே தெரியாது. ஒரு மைல் போனபிறகுதான் அலை எழும்பும். அந்த இடத்தில் எண்ணெய் தீர்ந்தால் துடுப்புப் போட்டுத் திரும்பி வர முடியாது. வடகடலில் அப்படி ஒதுங்கிப் போகிற படகுக்கு அடுத்துக் காத்திருப்பது சர்வதேச எல்லைக்கோடு. இலங்கைக் கடற்படை பிடித்தால் ‘விளையாட்டுக்கு வந்தோம்’ என்ற பதில் எடுபடாது.

தென்கடலில் இன்னொரு தொல்லை, தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பாரும் (பவளப்பாறைத் திட்டு). மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் இறங்கினாலே வனத்துறை வழக்குப் போடும். ஒரு மணி நேர விளையாட்டு ஒரு குடும்பத்தைக் கோர்ட்டுக்கு அலைய வைக்கும்.

அதனால், படகு ஒரு நிமிஷத்தில் கிளம்ப முடியாதபடி இருந்தாலே இந்தக் கூட்டம் விட்டுப் போய்விடும். இவர்களுக்குப் பொறுமை கிடையாது.

அப்படியானால் குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

எஞ்சினுக்குப் போகும் எண்ணெய் ஹோஸை, நடுவில் இருக்கிற, கையால் அமுக்கும் பம்ப் பல்போடு சேர்த்துக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களில் இரண்டு பக்கமும் கிளிப் மாதிரி மாட்டும் இணைப்புத்தான். கழற்ற ஒரு நிமிஷம் கூட ஆகாது. பையில் சுருட்டி வைக்கலாம். அது இல்லாமல் எஞ்சின் தொடர்ந்து ஓடாது, அதே அளவில் இன்னொன்றைக் கையோடு கொண்டு வருகிறவனும் அபூர்வம். வெயிலில் கிடக்காததால் ஹோஸும் வெடிக்காமல் நாள்படும். கழற்றிய பிறகு எஞ்சின் பக்கத்து முனையில் மணல் புகாமல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டுங்கள். இணைப்புக்குள் மணல் போய் எண்ணெய் இழுக்காமல் நின்ற எஞ்சின்கள் என் பட்டறைக்கு நிறைய வரும்.

கூடவே எண்ணெய் டேங்க், துடுப்பு, தள்ளுகம்பு. இவற்றைப் படகிலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தள்ளுகம்பு ஒன்று கிடைத்தால் நம் ஆழமில்லாத கரையில் படகை அரை மைல் நகர்த்திவிடலாம். அதற்கப்புறம் சாவகாசமாக எஞ்சினைக் கழற்றலாம்.

கில் ஸ்விட்ச் சிவப்புக் கயிற்றை எடுத்துப் போனால் போதாதா?

எடுத்துப் போங்கள், ஆனால் அதை நம்பாதீர்கள். அந்தக் கிளிப் இருக்கும் இடத்தில் கயிற்றைச் சுற்றியோ, பிளாஸ்டிக் துண்டைச் செருகியோ பலர் எஞ்சினை எடுத்துவிடுகிறார்கள். அதன் உண்மையான வேலை, நீங்கள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது. ஓட்டும்போது இடுப்பில் கட்டாமல் கரையில் மட்டும் பத்திரமாகக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது.

டீசல் எஞ்சின் வைத்த வத்தைக்கு?

கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற எஞ்சின் என்றால் ஹேண்டில் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். எண்ணெய்க் குழாயை மூடி, அதன் திருகுக் கைப்பிடியையும் எடுத்துவிடலாம். எஞ்சின் பெட்டிக்கு மூடியும் பூட்டும் போட்டால் பேட்டரியும் சேர்ந்து பிழைக்கும்.

எண்ணெய்க் குழாயில் மறைவாக ஒரு டேப் (எண்ணெயை அடைக்கும் திருகு) வைத்தால், திருடன் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுவானே?

இந்த வேலையைச் செய்து தரச் சொல்லிக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன். கரையில் ஸ்டார்ட்டே ஆகாமல் செய்வது பாதுகாப்பு. ஸ்டார்ட் ஆகி, கார்புரேட்டரில் இருக்கும் எண்ணெய் தீர்ந்ததும் கடலில் நிற்கும்படி செய்வது ஆளைக் கொல்லும் பொறி. போகிறவன் திருடனா, எதிர்வீட்டுப் பையனா என்று டேப்புக்குத் தெரியாது. மின்கம்பியை இழுத்து வைப்பது, படகில் ஆணியை மறைத்து அடித்து வைப்பது எல்லாம் இதே வகை. யாருக்காவது காயம்பட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது படகுக்காரர்தான்.

மணலில் ஏற்றிய பைபர் படகில் அடித்தக்கையை, அதாவது அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் தக்கையை, கழற்றி வைப்பதை மட்டும் ஒப்புக்கொள்வேன். மழைத் தண்ணீரும் வடியும். தள்ளினால் கரையோரத்திலேயே தண்ணீர் ஏறி, ஏறியவர்களுக்குத் தெரிந்துவிடும். கடலுக்குப் போகும்போது தக்கையை மறந்துவிடாமல் இருக்க அதையும் எண்ணெய் ஹோஸோடு ஒரே கயிற்றில் கட்டி வையுங்கள்.

எஞ்சினைத் தினமும் வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டுமா, பூட்டினால் போதுமா?

8, 9.9 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டு பேர் சுலபமாகத் தூக்கும் எடை. திருடனுக்கும் அதேதான். நாலைந்து நாள் கடலுக்குப் போகாத நேரத்தில், கல்யாணம், திருவிழா என்று ஊரே காலியாகும் நாளில், கழற்றி வீட்டுக்குள் வைப்பதற்கு ஈடான பூட்டு எதுவும் இல்லை. தூக்கிப் போகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் முழுக்க வடியும்வரை நிமிர்த்திப் பிடியுங்கள். அடிப்பக்கம் தலையை விட மேலே போகும்படி சாய்த்தால் உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்க வாய்ப்பு உண்டு.

தினப்படி என்றால் பூட்டு. பின்பலகையில் எஞ்சினை இறுக்கும் இரண்டு கிளாம்ப் திருகுகளின் கைப்பிடிகளையும் ஒன்றாகச் சேர்த்து மூடுகிற குழாய்ப் பூட்டு கிடைக்கும். அதைப் போட்டால் திருகைச் சுற்ற முடியாது. சாதாரணப் பூட்டை இரண்டு கைப்பிடி ஓட்டைகளிலும் கோத்துப் போடுகிறார்கள். அது வெட்டுக்கத்தரி ஒன்றுக்குத் தாங்காது. கிளாம்ப்போடு நிறுத்தாமல், எஞ்சின் பிராக்கெட்டில் இருக்கிற ஓட்டைகள் வழியே பின்பலகையைத் துளைத்து எவர்சில்வர் போல்ட்டும் போடுங்கள். துளைக்குள் பிசின் பூசாமல் போல்ட் போட்டால் பலகை தண்ணீர் குடித்து உள்ளே இற்றுப்போகும். கொஞ்ச காலத்தில் எஞ்சின் பலகையோடு ஆடும். திருடன் பலகையையே அறுத்துக்கொண்டு போகிற அளவுக்கு அது மென்மையாகிவிடும்.

சங்கிலி போட்டால் எதோடு கட்டுவது?

எதோடு என்பதைவிட, படகில் எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், திருகு ஆணியால் பிடித்த வளையத்தில் சங்கிலி போட்டால் கடப்பாரையால் ஒரு நெம்பு போதும். வளையத்தின் போல்ட் உள்பக்கம் வரை வந்து, பின்னால் ஒரு தகடு வைத்து முறுக்கியிருக்க வேண்டும்.

கரையில் பனையோ சவுக்கோ இருந்தால் நல்லது. இல்லாத இடத்தில் நான்கைந்து படகை ஒரே சங்கிலியில் கோத்துவிடுங்கள். ஒரு படகை இழுத்தால் ஐந்தும் உருளும். சத்தம் ஊருக்கே கேட்கும். சங்கிலிமேல் தோட்டத்து ஹோஸை நுழைத்துவிட்டால் பைபர் கீறாது.

அளவாகத் தளர்த்திக் கட்ட மறக்காதீர்கள். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் வடகடலில் கடல் உள்வாங்கிப் படகுகள் தரைதட்டுவது அடிக்கடி நடக்கிற காரியம். தண்ணீர் திரும்பும்போது சங்கிலி குட்டையாக இருந்தால் அணியம் கீழே இழுபட்டுத் தண்ணீர் உள்ளே வரும். அதேபோல, பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் படகை மேட்டுக்கு ஏற்ற ஊரே ஓடும். அப்போது சாவி உங்கள் சட்டைப்பையில், நீங்கள் மதுரை பஸ்ஸில் என்று இருக்கக் கூடாது. ஒரு சாவி பக்கத்துப் படகுக்காரரிடம் எப்போதும் இருக்கட்டும்.

பூட்டெல்லாம் உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் இறுகிவிடுகிறதே?

இரும்புப் பூட்டு அப்படித்தான். பித்தளை உடம்பும் எவர்சில்வர் கொக்கியும் உள்ளதை வாங்குங்கள். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சாவித் துவாரத்தின் மேல் மடல் மாதிரி கட்டுங்கள். வாரம் ஒருதரம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள்.

காணாமல் போனால் என்னுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது?

அதற்கான வேலையை இன்றைக்கே செய்ய வேண்டும். எஞ்சின் சீரியல் எண், பின்பலகையைப் பிடிக்கும் பிராக்கெட்டில் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். திருடன் முதலில் பிடுங்குவது அதைத்தான். பல மாடல்களில் மேல்மூடியைத் திறந்தால் எஞ்சின் பிளாக்கில் ஒரு வட்ட வில்லையில் அதே எண் இருக்கும். இரண்டையும் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் படம் மிஞ்சும். வாங்கிய பில்லையும் சேர்த்துப் படம் பிடியுங்கள்.

பைபர் படகுக்கு ஓர் உத்தி உண்டு. உள்பக்கம் யார் கண்ணிலும் படாத இடத்தில், இருக்கைப் பலகைக்கு அடியிலோ அணியப் பெட்டிக்குள்ளோ, உங்கள் பதிவு எண்ணைப் பெயிண்டால் எழுதி, அதன்மேல் ஒரு சாண் பைபர் மேட் வைத்து ரெசின் பூசிவிடுங்கள். எழுத்து கண்ணாடிக்குள் இருப்பதுபோல் தெரியும். வெளியே பெயிண்ட் மாற்றினாலும் இது போகாது. அழிக்க வேண்டுமானால் படகையே அறுக்க வேண்டும்.

இதெல்லாம் இருந்தாலும் மீன்வளத்துறைப் பதிவு இல்லாத படகு என்றால் பேச்சுக்கே இடமில்லை. மானிய மண்ணெண்ணெய்க்காக மட்டும் பதிவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லையோரக் கடலில் பதிவு எண்தான் உங்கள் படகின் அடையாள அட்டை. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். அதன்பிறகு, கேட்பாரற்றுக் கிடக்கும் படகு எந்தக் கரையில் இருந்தாலும் போலீஸ் அதைச் சாதாரணமாக விடுவதில்லை.

டிராக்கர் கருவி பயன்படுமா?

சிம் போட்டு வேலை செய்கிற வண்டி டிராக்கர், டவர் கிடைக்கும் தூரம்வரை பயன்படும். கரையை விட்டு விலகினால் சிக்னல் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் போனில் இலங்கை டவர் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டிராக்கருக்கும் அதே கதிதான். ஆனாலும் படகு அசைந்த அந்த முதல் சில நிமிஷத்தில் போனுக்கு மெசேஜ் வந்தால் பாதி வெற்றி. பேட்டரியோடு நல்ல தண்ணீர்ப்புகா டப்பாவில் அடைத்து, உலோகத்துக்கு அடியில் இல்லாமல் வையுங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக் கடலில் உதவாது. எஞ்சின் திருடு போய் ரோட்டோரக் கொட்டகைக்கு வந்தபிறகு உதவலாம்.

ஓர் எச்சரிக்கை. துரையா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களையும், சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் வெளிநாட்டுக் கருவிகளையும் ஆன்லைனில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். இந்தக் கரையில் அது பிடிபட்டால் விசாரணை சின்னதாக முடியாது.

கேமரா, லைட்?

லைட் நல்லது. ஊர்க்காசில் கரையில் ஒரு சோலார் விளக்குப் போட்டால் எல்லாருக்கும் ஆகும். கேமரா உப்பில் சீக்கிரம் மங்கும். கரைக்கு வரும் பாதையில், கடையோ வீடோ இருக்கிற சுவரில் வைப்பது மேல்.

பக்கத்து ஊர்ப் பையன்கள் படகை எடுத்து ஓட்டியதைப் பிடித்துவிட்டோம். என்ன செய்வது?

அடிக்காதீர்கள். கட்டி வைக்காதீர்கள். அடித்தால் அன்றைக்கே அது திருட்டு வழக்காக இல்லாமல் இரண்டு ஊர்ச் சண்டையாகிவிடும். வீட்டாளுகளைக் கூப்பிட்டு, ஊர்க் கமிட்டியோ ஜமாத்தோ பங்குப் பேரவையோ எது உங்கள் ஊரில் பேசுமோ அதன் முன்னால் பேசுங்கள். சேதத்துக்குப் பணம் வாங்குங்கள், எழுதியும் வாங்குங்கள். அந்தப் பையனிடம் கடைசியாக, ‘தம்பி, உனக்கு ஓட்டணும்னு ஆசைன்னா எங்கூட வா’ என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். துடுப்புப் பிடிக்கக் கற்றவன் அடுத்தவன் படகைத் தொட யோசிப்பான், மற்றவனையும் தடுப்பான். திரும்பவும் எடுத்தாலோ, பெரிய ஆட்கள் என்றாலோ, கடத்தல் வாடை அடித்தாலோ பேச்சு வேண்டாம், நேராகப் புகார்.

காலையில் வந்து பார்த்தால் படகு இல்லை. முதலில் என்ன செய்வது?

நங்கூரம் அறுந்து ஒதுங்கியிருக்குமா என்று பாருங்கள். கயிற்று முனையைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். தேய்ந்து அறுந்தது பிரிபிரியாக, நீளம் நீளமாக இருக்கும். கத்தி பட்டது ஒரே மட்டமாக இருக்கும். அந்த முனையை வெட்டாமல், முடிச்சுப் போடாமல் அப்படியே வைத்துப் படம் எடுங்கள்.

அடுத்து, தேட ஓடுவதற்கு முன்னால் போன். கடலோரப் பாதுகாப்புக் குழுமம், நம்ம ஊரில் மரைன் போலீஸ் என்போமே, அதற்கு 1093. கடலோரக் காவல்படைக்கு 1554. யாராவது படகில் இருப்பார்கள் என்று சந்தேகம் இருந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பதிவு எண், நிறம், கடைசியாகப் பார்த்த நேரம், டேங்கில் எவ்வளவு எண்ணெய், காற்று எந்தப் பக்கம் என்பதைச் சொல்லுங்கள். எண்ணெயும் காற்றும் தெரிந்தால் எங்கே தேடுவது என்று அவர்களே கணித்துவிடுவார்கள்.

இந்தப் போன் அடித்த நேரம்தான் பிற்பாடு உங்களைக் காப்பாற்றும். படகு மதியம் கடத்தல் பொருளோடு பிடிபட்டு, நீங்கள் சாயங்காலம் புகார் கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். போடும்வரை சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகார் வாங்கியதற்கான ரசீது) கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று அனுப்பினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது.

அதற்குப் பிறகு சங்கத்துக்கும், காற்று போகிற திசையில் இருக்கிற ஊர்களுக்கும் சொல்லுங்கள். கச்சான் நாளில் பாம்பனில் காணாமல் போன படகைத் தேடக் கீழக்கரைக்குப் போய்ப் பயனில்லை. எல்லைக்கோட்டை நோக்கி நீங்களாகத் துரத்திப் போகவே வேண்டாம். ஒரு படகு போனது போதும்.

படகு கண்ணில் பட்டுவிட்டது. எடுத்து வந்துவிடலாமா?

மரைன் போலீஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டு, காத்திருங்கள். உள்ளே உங்களுடையது அல்லாத மூட்டையோ கேனோ இருந்தால் விரல்கூடப் படக் கூடாது. தீவில் ஒதுங்கியிருந்தால் வனத்துறைக்கும் சொல்லாமல் இறங்காதீர்கள். ஆளில்லாமல் கடலில் மிதந்து, பாரில் மோதப் போகிறது என்றால் மட்டும், தகவல் சொல்லிவிட்டுக் கயிறு போட்டு இழுக்கலாம்.

இன்சூரன்ஸ்?

பாலிசியில் திருட்டு என்ற சொல் இருக்கிறதா, எஞ்சின் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா, பூட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். புயலுக்கும் முழுகலுக்கும் மட்டும் எழுதிய பாலிசி இதற்கு உதவாது.

பழைய எஞ்சின் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

சீரியல் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டை மட்டும் தெரிந்தால் வாங்காதீர்கள். தகடு இருந்தால் மூடியைத் திறந்து பிளாக்கில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். கிளாம்ப்பில் பூட்டை அறுத்த தழும்பு, கழற்றும்போது நெம்பிய அடையாளம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விற்பவரின் ஆதார் நகலும் கையெழுத்துப் போட்ட ரசீதும் கேட்டால் நேர்மையானவர் கோபிக்க மாட்டார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்பட இடமிருந்தோ வாங்கினால் வாங்கியவருக்கும் தண்டனை உண்டு. என் பட்டறைக்கு எண் சுரண்டிய எஞ்சின் வந்தால் மூடியைக்கூட நான் திறப்பதில்லை. எல்லாப் பட்டறையும் அப்படிச் சொல்ல ஆரம்பித்தால் திருடியவனுக்கு அதை இந்தக் கரையில் ஓட்ட வழியிருக்காது. வேறு மெக்கானிக்குகள் இதைப் படித்தால், தயவுசெய்து நீங்களும் திறக்காதீர்கள்.